கில் எண்ணாதீங்க, மேப்ப பாருங்க

சேலத்துல கேம் ஆடற பசங்கன்னு எடுத்துக்கிட்டா முக்காவாசி பேரு ஃப்ரீ ஃபயர், இல்லன்னா பிஜிஎம்ஐ தான். நான் டோட்டா, அதாவது ரெண்டு டீம் எதிரெதிரா கோட்டைய ஒடைக்கற மோபா வகை கேம், ஆடறேன்னு சொன்னா உடனே "அதுல எத்தன பேரு குதிப்பாங்க, ஸோன் எப்ப சுருங்கும்"னு கேக்கறாங்க. இதுல யாரும் ப்ளேன்ல இருந்து குதிக்க மாட்டாங்க, ஸோனும் கெடையாது, கடைசி வரைக்கும் உயிரோட இருக்கறவன் ஜெயிப்பான்ங்கற கணக்கும் கெடையாது. நீங்க பதினஞ்சு தடவ செத்தும் உங்க டீம் ஜெயிக்கலாம், ஒரு தடவகூட சாகாம தோத்தும் போலாம். இது புரியாமத்தான் நெறைய பேரு ரெண்டு மேட்ச் ஆடிட்டு "ஒண்ணும் வெளங்கல ப்ரோ"ன்னு டெலீட் பண்ணிட்டு போயிடறாங்க, எனக்கு அது நெஜமாவே வருத்தமா இருக்கும், ஏன்னா இவ்ளோ யோசிச்சு ஆட வேண்டிய ஒரு வெளயாட்டுக்கு நம்ம ஊர்ல அஞ்சு பேரு சேர்க்கறதே பெரும்பாடா இருக்கு.

இந்த வருஷம் ஏற்காடு நாகலூர்ல இருந்து எங்க சித்தி பையன் காலேஜுக்காக அஸ்தம்பட்டில எங்க வீட்டுக்கு வந்து தங்கியிருக்கான். அவனும் ஃப்ரீ ஃபயர் பார்ட்டி தான். அவனுக்கு உக்காந்து சொல்லிக்குடுத்தப்ப எது எதுல ஆளுங்க முழிக்கறாங்கன்னு எனக்கே ஒரு தெளிவு வந்துச்சு, அதனால அத இங்க எழுதி வெக்கறேன்.

மோபான்னா அடிப்படை இதுதான். ரெண்டு டீம், டீமுக்கு அஞ்சு பேரு. சதுரமா ஒரு மேப், ஒரு மூலைல உங்க கோட்டை, எதிர் மூலைல அவங்க கோட்டை. அந்தக் கோட்டைக்குள்ள ஒரு பெரிய கட்டடம் இருக்கும், டோட்டாவுல அதுக்கு ஏன்ஷியன்ட்னு பேரு, இதே வகைல இன்னொரு கேமான லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்ல (சுருக்கமா லீக்) நெக்ஸஸ். எதிரியோட அந்தக் கட்டடத்த யாரு மொதல்ல ஒடைக்கறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க, அவ்ளோதான், வேற எந்தக் கணக்கும் இல்ல. ரெண்டு கோட்டைக்கும் நடுவுல மூணு பாதை போகும், மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கீழ ஒண்ணு, அதத்தான் லேன்னு சொல்றது. ஒவ்வொரு லேன்லயும் ரெண்டு பக்கமும் மூணு மூணு டவர் நிக்கும், கோட்டைக்குள்ள கூட ரெண்டு, ஆக ஒரு டீமுக்கு 11 டவர். முன்னாடி இருக்கற டவர ஒடைக்காம பின்னாடி இருக்கறத தொடவே முடியாது. லேனுக்கு நடு நடுவுல இருக்கற காடு தான் ஜங்கிள். மேப்புக்கு குறுக்கால ஒரு ஆறு ஓடும்.

இந்த அமைப்ப எந்தக் கம்பெனியும் ரூம் போட்டு யோசிச்சு உருவாக்கல, கேம் ஆடினவங்களே பண்ணினது. ஸ்டார்கிராஃப்ட்ங்கற கேம்ல ஏயான் ஆஃப் ஸ்ட்ரைஃப்னு ஒரு ரசிகர் போட்ட மேப், அதப் பாத்து வார்கிராஃப்ட் 3ல 2003ல டோட்டா மேப், அப்புறம் அத ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கையில எடுத்து வளத்தாங்க. அப்படி வளத்தவங்கள்ல ஒருத்தர் ரயட் கம்பெனில சேந்து 2009ல லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் வந்துச்சு, இன்னொருத்தர் ஐஸ்ஃப்ராக்ங்கற பேர்ல வால்வுங்கற கம்பெனிக்குப் போயி 2013ல டோட்டா 2 வந்துச்சு. சம்பளம் வாங்காம ராத்திரி முழிச்சு மேப் போட்டவங்களால வந்த கேம்ங்கறதால எனக்கு இது மேல தனிப் பாசம்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஆளுக்கு ஒரு ஹீரோ எடுக்கணும். டோட்டாவுல 120க்கு மேல ஹீரோ இருக்கு, ஆனா உங்களுக்கு மொத மாசத்துக்கு மூணு போதும். ஒவ்வொரு ஹீரோவுக்கும் நாலஞ்சு ஸ்கில் இருக்கும், அதுல ஒண்ணு அல்டிமேட், கொஞ்சம் லெவல் ஏறினாத்தான் அது தெறக்கும். 30 செகண்டுக்கு ஒரு தடவ ரெண்டு கோட்டைல இருந்தும் சின்னச் சின்ன சிப்பாய்ங்க கெளம்பி மூணு லேன்லயும் தானா நடந்து வருவாங்க, இவங்க தான் க்ரீப், லீக்ல மினியன். அவங்களும் எதிர் க்ரீப்பும் நடுவழில முட்டிக்கிட்டு சண்ட போடுவாங்க. புதுசா வர்றவங்க இந்த க்ரீப்ப ஏதோ அலங்காரத்துக்கு வெச்சிருக்காங்கன்னு நெனச்சு தாண்டிப் போயி எதிரி ஹீரோவ அடிக்க ஆரம்பிச்சுடறாங்க. தோல்வி அங்கதான் ஆரம்பம், ஏன்னா இந்த கேமோட வருமானமே க்ரீப்புல தான் இருக்கு.

எதிரி க்ரீப்போட கடைசி அடிய நீங்க அடிச்சா கோல்ட் உங்களுக்கு. இத லாஸ்ட் ஹிட்னு சொல்லுவாங்க. பக்கத்துல நின்னா எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) கெடைக்கும், லெவல் ஏறும், ஆனா காசு கடைசி அடி அடிச்சவனுக்கு மட்டும்தான். ஒரு க்ரீப்புக்கு 35, 40 கோல்ட் கிட்ட வரும். அலைக்கு நாலு க்ரீப், நிமிஷத்துக்கு ரெண்டு அலைன்னா 10 நிமிஷத்துல ஒரு லேன்ல 80 க்ரீப்புக்கு மேல வரும், புதுசா ஆடறவங்க அதுல 20 எடுத்தாலே ஜாஸ்தி, மிச்சக் காசெல்லாம் மண்ணுல போகுது. அந்தக் காசுல தான் ஐட்டம் வாங்கணும், ஐட்டம் இருந்தாத்தான் ஹீரோவுக்கு பலம். டோட்டாவுல இன்னொண்ணு கூட உண்டு, உங்க சொந்த க்ரீப்போட உயிரு பாதிக்குக் கீழ போயிட்டா நீங்களே அத அடிச்சு முடிச்சு எதிரிக்கு காசு போகாம தடுக்கலாம், அதுக்குப் பேரு டினை.

தம்பி ஆடின ஆரம்ப மேட்ச் ஒண்ணு முடிஞ்சப்ப ஹெட்ஃபோனக் கழட்டிட்டு என்னப் பாத்து, "ண்ணா, நான் 9 கில் எடுத்தேன், எப்படிண்ணா தோத்தோம்?"னு கேட்டான். கேள்வி நியாயமானது. ஸ்கோர்போர்ட தெறந்து காட்டினேன். இவன் கில் 9, லாஸ்ட் ஹிட் 41. எதிர் டீம் கேரியோட (காசு சேத்து கடைசில டீம தூக்கற ஆளு) கில் வெறும் 3, லாஸ்ட் ஹிட் 260. இவன் மேப் முழுக்க ஆள தேடித் தொரத்திட்டு இருந்த நேரத்துல அந்தப் பையன் ஒரு ஓரமா நின்னு சத்தமே போடாம க்ரீப்ப வெட்டிக் காசு சேத்திருக்கான், 30வது நிமிஷத்துல ஆறு ஐட்டமும் நெறஞ்சு வந்து நின்னான், அதுக்கப்புறம் நம்ம அஞ்சு பேரு சேந்து அடிச்சும் அவன ஒண்ணும் பண்ண முடியல. அதுல பிளாக் கிங் பார்னு ஒரு ஐட்டம் இருக்கு, அத அமுக்கினா கொஞ்ச செகண்டுக்கு நம்ம மந்திரம் பெரும்பாலும் அவன் மேல ஏறாது, தம்பி அவன அசையாம நிறுத்தப் போட்ட ஸ்டன் எல்லாமே வீணாப் போச்சு. அந்த லாஸ்ட் ஹிட் வரிசைய விரல் வெச்சுக் காட்டினதும் கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தான், அப்புறம் "அப்ப கில்லு எதுக்குண்ணா?"ன்னான்.

கில்லும் வேணும் தான். கில் எடுத்தா காசு வரும், அதவிட முக்கியமா அந்த எதிரி கொஞ்ச நேரத்துக்கு மேப்புல இருக்க மாட்டான். ஆட்டம் ஆரம்பிச்ச புதுசுல செத்தா சில செகண்ட்ல எழுந்து வந்துடலாம், லெவல் ஏற ஏற அந்தக் காத்திருப்பு நீண்டுட்டே போயி கடைசில ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும். அந்த நேரத்துல எதிரி பக்கம் ஆளு கம்மி, அப்ப என்ன பண்றீங்கங்கறது தான் வெளயாட்டு. டவர் ஒடைக்கலாம், ரோஷன்ங்கற பெரிய மிருகத்த அடிக்கலாம், எதிரி ஜங்கிளுக்குள்ள போயி அவங்க காச நீங்க எடுக்கலாம். கில் எடுத்துட்டு சந்தோஷத்துல சும்மா சுத்தி வந்தா அந்தக் கில்லால பாதி பிரயோஜனம் கூட இல்ல.

டவர் பக்கத்துல எப்படி நிக்கணும்னு மட்டும் ஒரு வார்த்த. டவர் அடி ஆரம்பத்துல ரொம்ப வலிக்கும். உங்க க்ரீப் முன்னாடி போனா டவர் அத அடிக்கும், நீங்க பின்னாடி நின்னு டவர அடிக்கலாம். க்ரீப் இல்லாம தனியா உள்ள போனா அடி முழுசும் உங்களுக்குத்தான். க்ரீப் இருந்தாலும் டவர் பக்கத்துல நின்னுட்டு எதிரி ஹீரோ மேல கை வெச்சீங்கன்னா டவர் உங்க பக்கம் திரும்பிடும். புதுசா ஆடறவங்க மொத அஞ்சு நிமிஷத்துல சாகறதுக்கு பெரும்பாலும் இதான் காரணம், கால்வாசி உயிரோட ஓடற எதிரியப் பாத்ததும் கை நிக்க மாட்டேங்குது.

இப்ப மேப். தலைப்புல சொன்னது இதத்தான், இதுல தான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கப் போறேன். ஸ்க்ரீன் மூலைல ஒரு சின்ன மேப் இருக்கும், மினிமேப். உங்க ஆளுங்க, உங்க டவர், உங்க க்ரீப் இருக்கற எடத்த சுத்தி மட்டும்தான் வெளிச்சம், மத்ததெல்லாம் இருட்டு. எதிரி அந்த இருட்டுல எங்க வேணா இருக்கலாம். அதனால மினிமேப்புல யாரு தெரியறாங்கங்கறத விட யாரு தெரியலங்கறது முக்கியம். எதிர் டீம்ல நடு லேன்ல நிக்கற ஆளு அஞ்சு செகண்டா லேன்ல இல்லன்னா அவன் உங்கள நோக்கி வந்துட்டு இருக்கான்னு எடுத்துக்கிட்டு நாலடி பின்னாடி வந்துடணும். வந்தா பொழச்சீங்க, வரலன்னா ரெண்டு க்ரீப் போச்சு, பரவால்ல. இப்படி இருட்டுக்குள்ள இருந்து ரெண்டு மூணு பேரு வந்து ஒருத்தர மடக்கறத கேங்க்னு சொல்லுவாங்க.

அந்த இருட்டப் போக்கறதுக்குத்தான் வார்டு. டோட்டாவுல அப்சர்வர் வார்டு காசில்லாமயே கெடைக்கும், ஆனா ஒரு அளவுக்கு மேல கெடைக்காது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் கடைல சேரும். ஒரு வார்ட நட்டா 6 நிமிஷம் அந்த எடத்த சுத்தி உங்க டீம் முழுசுக்கும் தெரியும், எதிரி கண்ணுக்கு அந்த வார்டு தெரியாது. அத கண்டுபுடிக்க அவன் சென்ட்ரி வார்டு மாதிரி ஏதாவது வாங்கித்தான் ஆகணும், அதுக்கு காசு. எங்க நடறதுங்கறது தான் அறிவு. டவர் பக்கத்துல நடறது வேஸ்ட், அங்க ஏற்கனவே தெரியும். ஆத்துல இருந்து காட்டுக்குள்ள போற வழி, மேட்டு மேல இருக்கற எடம், ரோஷன் இருக்கற பக்கம், அடுத்து எந்த டவர அடிக்கப் போறீங்களோ அதுக்கு பின்னாடி இருக்கற காடு, இப்படி யோசிச்சு நடணும். பள்ளத்துல நின்னா மேட்டு மேல இருக்கறவன் தெரியமாட்டான், மேல இருக்கறவனுக்கு நீங்க தெரிவீங்க, அதனால மேடு எப்பவும் ஒசத்தி.

வார்டு நடறது பெரும்பாலும் சப்போர்ட்டோட வேல. அஞ்சு பேருக்கும் டோட்டாவுல ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் நம்பர் உண்டு. ஒண்ணு கேரி, காசு முழுக்க இவனுக்குத்தான், கடைசில டீம தூக்கறவன் இவன். ரெண்டு மிட், நடு லேன்ல பெரும்பாலும் தனியா நின்னு சீக்கிரம் லெவல் ஏறி மத்த லேனுக்கு ஒதவிக்குப் போறவன். மூணு ஆஃப்லேன், எதிரி கேரிய நிம்மதியா காசு சேக்க விடாம தொல்ல குடுக்கறவன், சண்டைல மொதல்ல குதிக்கறவன். நாலும் அஞ்சும் சப்போர்ட். லீக்ல பேரு வேற, டாப், ஜங்கிள், மிட், பாட், சப்போர்ட், அதுல ஜங்கிளர்னு ஒருத்தன் லேன்லயே நிக்காம காட்டுலயே வளருவான்.

புதுசா வர்ற எல்லாரும் கேரி கேக்கறாங்க, நான் சொல்றது அஞ்சாம் நம்பர் சப்போர்ட்ல ஆரம்பிங்க. தம்பி இதுக்கு மூஞ்சிய சுளிச்சான். நாகலூர்ல இவன் சாயங்காலமானா வாலிபால் ஆடறவன், அதனால அவனுக்குப் புரியற மாதிரியே சொன்னேன், உங்க டீம்ல ஸ்மாஷ் அடிக்கறவன் பேரு தான் ஊருக்கே தெரியும், ஆனா பந்த சரியான ஒயரத்துல தூக்கிக் குடுக்கறவன் லீவ் போட்டா அன்னிக்கி ஆட்டமே நடக்காது இல்ல, அந்த ஆளு தான்டா இங்க சப்போர்ட்னு. அது அவனுக்கு ஏறிருச்சு. அப்புறம் கிரிஸ்டல் மெய்டன் எடுக்கச் சொன்னேன். அவ மெதுவா நடப்பா, சீக்கிரம் செத்துப் போவா, ஆனா ஒருத்தன புடிச்சு ஐஸ்ல கட்டி வெப்பா, அவ ஸ்கில்லால டீம்ல மத்தவங்களுக்கும் மானா, அதாவது ஸ்கில் போடறதுக்கான சக்தி, ஊறும். காசு சேக்கற கவல இல்லாததால கண்ணு தானா மினிமேப்புக்குப் போகும். சப்போர்ட்டா ஒரு மாசம் ஆடினவனுக்கு மேப்பு மனசுல பதிஞ்சுடும், அப்புறம் எந்த எடத்துக்கு வேணா மாறிக்கலாம். அடிச்சு ஆடணும்னு ரொம்ப ஆசையா இருந்தா ரெய்த் கிங் எடுங்க, செத்தாலும் அந்த எடத்துலயே ஒரு தடவ எழுந்துக்கற அல்டிமேட் அவனுக்கு இருக்கு. லீக்னா கேரன் எடுங்க, ஸ்கில் எல்லாம் எளிமையா இருக்கும்.

ரோஷன்னு மேல சொன்னேனே, அது மேப்புல இருக்கற ஒரு பெரிய மிருகம். அத அடிச்சா ஏஜிஸ்னு ஒண்ணு கீழ விழும், எடுத்தவன் 5 நிமிஷத்துக்குள்ள செத்தா அதே எடத்துல மறுபடி எழுந்துக்குவான். கேரி கையில ஏஜிஸ் இருந்தா கோட்டைக்குள்ள ஏறலாம்னு அர்த்தம். லீக்ல இந்த எடத்துக்கு பேரன் (Baron), டிராகன்னு மிருகங்க இருக்கு. பெரிய சண்டைங்க எல்லாம் பெரும்பாலும் இது பக்கத்துல தான் நடக்கும்.

போன வாரம் நானும் தம்பியும் சேந்து ஆடின ஒரு மேட்ச சொன்னா எல்லாம் ஒண்ணா புரியும். 38வது நிமிஷம், எதிர் டீம் எங்களவிட காசுல நல்லாவே முன்னாடி. ரோஷன் பக்கம் தம்பி நட்ட வார்டுல எதிரி அஞ்சு பேரும் உள்ள போறது தெரிஞ்சுது. அவங்க ரோஷன பாதி அடிச்சு களைச்ச நேரமா பாத்து உள்ள எறங்கினோம், குறுகலான எடம், எங்க ஆஃப்லேன் புடிச்சு நிறுத்தினான், தம்பி கிரிஸ்டல் மெய்டன் அல்டிமேட்ட போட்டான், நாலு பேரு காலி. மிச்சம் ஒரு ஸ்னைப்பர், கையளவு உயிரோட காட்டுக்குள்ள ஓடறான். தம்பி பின்னாடியே ஓட ஆரம்பிச்சான், பழைய பழக்கம். "டேய் விட்றா, மிட்டுக்கு வா"ன்னேன். ஒரு செகண்ட் நின்னான், திரும்பிட்டான். எதிரிங்க எழுந்துக்க ஒரு நிமிஷம் இருந்துச்சு, காசு குடுத்து உடனே எழுந்துக்கற பைபேக் பண்ண, இருந்த காசும் அவங்க ஐட்டத்துல போயிருந்துச்சு. அஞ்சு பேரும் க்ரீப்போட நடு லேன்ல ஏறினோம், கடைசி லேன் டவர், அதுக்கு பின்னாடி பேரக்ஸ்ங்கற கட்டடம், உள்ள ரெண்டு டவர், ஏன்ஷியன்ட். அந்த ஸ்னைப்பர் தூரத்துல இருந்து சுட்டு ரெண்டு பேர எடுத்தான், பரவால்லன்னு கட்டடத்தயே அடிச்சோம், ஜெயிச்சாச்சு. தம்பியோட கில் அன்னிக்கி 1. அவன் நட்ட வார்டு இல்லன்னா அந்த மேட்ச் எங்களுது இல்ல.

எந்த கேம்ல ஆரம்பிக்கறதுன்னு கேட்டா, கம்ப்யூட்டரோ லேப்டாப்போ இருந்தா டோட்டா 2. ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடைல இலவசம், எல்லா ஹீரோவும் மொத நாள்ல இருந்தே தெறந்திருக்கும், காசு குடுத்து வாங்கறது வெறும் உடுப்பு தான், அதனால பலம் கூடாது. எடம் மட்டும் 60 ஜிபி ஒதுக்கிக்கோங்க. போன் மட்டும்தான்னா, முன்னாடி மொபைல் லெஜண்ட்ஸ் இருந்துச்சு, 2020 ஜூன்ல 59 ஆப்ப தடை பண்ணினப்ப அதுவும் போயிருச்சு. 2021ல வந்த போக்கிமான் யுனைட் புதுசா கத்துக்கறவங்களுக்கு நல்லாருக்கும், மேட்ச் 10 நிமிஷம் தான், டவருக்கு பதிலா கோல் போட்டு பாயிண்ட் எடுக்கணும், கடைசி 2 நிமிஷத்துல போடறதுக்கு ரெட்டிப்பு பாயிண்ட், அதனால முன்னாடி இருக்கற டீமும் அசந்து ஒக்கார முடியாது. எதுல ஆரம்பிச்சாலும் மொதல்ல பாட் (கம்ப்யூட்டரே ஆடற ஆளு) கூட ஆடுங்க, லாஸ்ட் ஹிட் கை பழகற வரைக்கும்.

நெட் விஷயம் இந்த வெளயாட்டுல ரொம்ப முக்கியம். ஃப்ரீ ஃபயர்ல உங்க லைன் கட்டானா பெரும்பாலும் உங்க ஆட்டத்தோட போச்சு, இங்க மத்த நாலு பேரோட அர மணி நேரம் போச்சு. தம்பி லீவுக்கு ஊருக்குப் போனா மலைல மழ புடிச்சதும் சிக்னல் ஆடும், கரண்டும் போகும், அதனால அங்க இருக்கறப்ப நெஜ ஆளுங்க கூட ஆடறதில்லன்னு அவனே முடிவு பண்ணிக்கிட்டான், பாட் மேட்ச்ல லாஸ்ட் ஹிட் மட்டும் பழகறான். நல்ல முடிவு. டோட்டாவுல 5 நிமிஷத்துக்கு மேல திரும்பி வரலன்னா ஓடிப்போனதா கணக்கு வெப்பாங்க, அது தொடர்ந்தா லோ ப்ரையாரிட்டிங்கற தண்டனை வரிசைல போட்டுருவாங்க, அதுல இருந்து வெளிய வரணும்னா அங்கயே மேட்ச் ஜெயிச்சுக் காட்டணும். சர்வர் செலக்ட் பண்றப்ப பிங்க் (நெட் தாமதம்) எது கம்மின்னு பாத்துக்கோங்க.

திட்டறவங்க இருப்பாங்க, இத மறைச்சு சொல்ல எனக்கு விருப்பமில்ல. அஞ்சு பேரோட வெற்றி ஒருத்தன் தப்புல தொங்கறதால கோவம் சீக்கிரம் வரும், புதுசுன்னு தெரிஞ்சா ஏறி மிதிப்பாங்க. பதிலுக்குத் திட்டி டைப் பண்ற அந்த நேரத்துல உங்க ஹீரோ சும்மா நிக்கறான். மியூட் பட்டன் இருக்கு, ஒரே அமுக்கு, தேவப்பட்டா ரிப்போர்ட்டும் போடுங்க. பேசாமயே மேப்புல எடத்த அமுக்கி அடையாளம் காட்டி (இதுக்கும் பிங்க்னுதான் பேரு) "இங்க ஆள காணோம்", "பின்னாடி வா"ன்னு எல்லாம் சொல்லிக்கலாம். குறிப்பா பொண்ணுங்க குரல் கேட்டதும் அசிங்கமா பேசறவங்க இருக்காங்க, அவங்கள உங்க டீம்லயே இருந்தாலும் கண்டிச்சு ரிப்போர்ட் பண்ணுங்க.

வெட்டி வேலன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. 2021ல நடந்த டோட்டா உலகப் போட்டியோட பரிசுத் தொகை 4 கோடி டாலர். 2022 பர்மிங்காம்ல நடந்த காமன்வெல்த் ஈஸ்போர்ட்ஸ்ல டோட்டா 2ல இந்திய டீம் வெண்கலம் வாங்குச்சு. ஹாங்சோ ஆசிய விளையாட்டுல லீக், டோட்டா ரெண்டுக்குமே பதக்கம் குடுத்தாங்க. அதுக்காக படிப்ப விட்டுட்டு இதுல எறங்குங்கன்னு நான் சொல்ல வரல, அந்த லெவலுக்குப் போறவங்க ரொம்ப ரொம்ப கொஞ்சம் பேரு, நானும் தம்பியும் ஆடறது பிடிச்சதால மட்டும்தான்.

வீட்ல பெரியவங்க யாராச்சும் இத படிக்கறீங்கன்னா உங்களுக்கும் ஒரு வார்த்த. பையன் ஆடிட்டு இருக்கறப்ப "ரெண்டு நிமிஷம் நிறுத்திட்டு கடைக்குப் போயிட்டு வா"ன்னா அவன் முழிக்கறது திமிரு இல்லங்க, நடுவுல எழுந்தா மத்த நாலு பேரு மாட்டிக்குவாங்க. டோட்டாவுல ஆட்டத்த நிறுத்தி வெக்கற பாஸ் (pause) இருக்கு, ஆனா எதிர் டீமே அத எடுத்து விட்டுடலாம். ஒரு டோட்டா மேட்ச்சுக்கு 40, 45 நிமிஷம்னு வெச்சுக்கோங்க, சில நாள் ஒரு மணி நேரமும் தாண்டும். எட்டரைக்கு சாப்பாடுன்னா ஏழரைக்கு மேல புது மேட்ச் தேடக்கூடாதுன்னு மொதல்லயே பேசி வெச்சுடுங்க, எங்க வீட்ல அம்மாவும் தம்பியும் அப்படித்தான் பேசி வெச்சிருக்காங்க.